எழுதாமல் விட்ட கதவு

விமானம் ஓட்டின இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? மேகத்தைப் பற்றியா, சூரிய உதயத்தைப் பற்றியா? அதெல்லாம் பயணிகள் பேசுவது. எங்களுக்கு ஒரே பேச்சுதான். நாம் ஓட்டின விமானம் இப்போது எங்கே கிடக்கிறது?

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் தீவு நகரத்தில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில் நாங்கள் சந்திப்பது வழக்கம். நானும், என்னைவிட நாலு வயது மூத்த என் பழைய சகாவும். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இருவரும் ஒரே சிறிய கம்பெனியில் ஒரே விமானத்தை ஓட்டியவர்கள். எழுபதுகளின் கடைசியில் அவர் வேறு விமானத்துக்கு மாறியபோது நான் அதில் ஏறினேன். பிறகு கம்பெனி படுத்துவிட்டது, விமானங்களை விற்றுவிட்டார்கள். அண்ணன் இன்சூரன்ஸ் விற்கப் போனார். நான் அதற்கும் முன்பே இறக்கிவிடப்பட்டவன். சர்க்கரை வியாதி; ஊசி போட ஆரம்பித்த அன்றே லைசென்ஸ் போயிற்று.

"என்ன தம்பி, உன் பொண்ணு எங்க வாக்கப்பட்டிருக்கா, தகவல் உண்டா?" என்பார், கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"ஒண்ணும் தெரியலண்ணே. உங்க பொண்ணு?"

"ஆப்பிரிக்காவுல பருப்பு மூட்டை சுமக்கிறாளாம். நல்லா இருக்கட்டும் லா."

அவர் பின்னாளில் ஓட்டிய விமானத்துக்காவது ஒரு கண்டம் தெரிந்துவிட்டது. எனக்கு எதுவும் தெரியவில்லை. பதினெட்டு இருக்கை, இரண்டு எஞ்சின், மழையில் நனைந்த கோழி மாதிரி ஓர் உருவம். அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேப்டன் உட்காரும் அந்த இடது பக்க இருக்கையில் மறுபடி உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் என்னை விடவில்லை.

விடாததற்குக் காரணம் இருந்தது. அப்போது நான் செய்த வேலை என்ன தெரியுமா? விமானச் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் சீட்டு எழுதுவது. அடுத்தவன் பறக்க நான் பெட்டிக்குச் சீட்டு எழுத வேண்டும். என் மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சுவரைப் பார்த்தேன். அதில் எத்தனை விரிசல், எந்த விரிசலில் செடி முளைத்திருக்கிறது என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். சாயங்காலம் டத்தோ கிராமாட் சாலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது தலைக்கு மேல் விமானம் போனால் என் கால் தானாக நின்றுவிடும். "மேலயே பார்த்துக்கிட்டு நடங்க. ஒரு நாள் லோங்காங்குல விழுந்து கிடக்கப் போறீங்க" என்று சாக்கடையைக் காட்டுவாள் மனைவி. அவள் பள்ளி ஆசிரியை, எதையும் ஒரே தடவையில் சொல்லி நிறுத்தமாட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், அலுவலகத்தில் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து வேனில் ஏற்றினார்கள். தீ விபத்துப் பயிற்சி. சரக்கு வேலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் போக வேண்டுமாம். ஃபெர்ரியில் கடல் தாண்டி, பத்து காவான் என்ற ஊரில் செம்பனை மரங்களை வெட்டிப்போட்ட ஒரு தோட்டத்து நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். தனியார் பயிற்சிக் கூடம். நடுவில், சக்கரம் இல்லாமல், கட்டைகள்மேல் ஒரு பழைய விமானம். அடுப்புக்கரி நிறம். வாலில் இருந்த எழுத்துகளைச் சுரண்டியிருந்தார்கள்.

மழையில் நனைந்த கோழி மாதிரி அதே உருவம். ஆனால் இந்த ஜாதி விமானம் உலகத்தில் எத்தனையோ உண்டு, மூளை கெட்டுப் பேசாதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பயிற்சியாளர் ஒரு தமிழர், தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லார் கழுத்திலும் ஓர் அட்டையை மாட்டினார். ஒருவருக்குக் கால் முறிவு, ஒருவருக்குத் தீக்காயம். எனக்கு வந்த அட்டையில் 'இறந்தவர்' என்று இருந்தது.

"சார், நீங்க முன்னாடி பைலட் சீட்டுல உட்காருங்க. செத்துட்டீங்க. ஆளுங்க வந்து தூக்குற வரைக்கும் அசையக் கூடாது" என்றார்.

உட்கார்ந்தேன். பஞ்சு பிய்ந்த இருக்கை. கருவிகள் இருந்த இடமெல்லாம் ஓட்டை. என் இடது கை தானாகவே ஜன்னல் ஓரத்துக்குப் போனது. ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏதோ தடுக்கியது. இருபது காசு.

நான் வைத்த காசு அது. பறக்கும்போது அந்த இடுக்கில் காற்று சீழ்க்கை அடிக்கும். பழுது பார்க்கச் சொன்னால் இரண்டு நாள் விமானத்தை நிறுத்திவிடுவார்கள் என்று, நானே ஒரு காசைச் செருகிச் சீழ்க்கையை அடக்கினேன். ஐயோ, என்னவென்று சொல்வேன்! அழுகை வந்துவிட்டது. செத்தவன் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாள் இவள் ஆப்பிரிக்காவிலும் இல்லை, எங்கும் இல்லை. ஃபெர்ரி ஏறினால் வந்துவிடும் தூரத்தில்தான் கிடந்திருக்கிறாள்.

வெளியே தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். உள்ளே ஒரு கருவி வெள்ளைப் புகையை விட்டது. அதுவரை எல்லாம் விளையாட்டுத்தான். திடீரென்று காற்று திரும்பி, டீசல் புகை தரை ஓட்டைகள் வழியே கறுப்பாக உள்ளே ஏறியது. எங்கள் அலுவலகத் தட்டச்சுப் பெண் இரும ஆரம்பித்தாள். வெளியே ஆட்கள் பின்கதவைப் பிடித்து இழுக்கும் சத்தம். கதவு வரவில்லை. அவசர வழிகளைப் பயிற்சிக்காக வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். இருந்தது அந்த ஒரு கதவுதான்.

அந்தக் கதவு ஏன் வரவில்லை என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் காலத்திலேயே அது அப்படித்தான். சில நேரம் கீழ்த் தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ளும். வெளியே இருந்து இழுத்தாலும் உள்ளே இருந்து தள்ளினாலும் இன்னும் இறுகும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் விமானத்தின் குறைகளை எழுதி வைக்க ஒரு புத்தகம் உண்டு. அதில் இதை எழுதினால் பாகம் வரும்வரை விமானம் நிற்கும், எங்கள் பறப்பு நின்றுவிடும். அதனால் எழுதவில்லை. அண்ணன் என்னிடம் விமானத்தை ஒப்படைத்த அன்று காதோடு சொன்னார்: "கதவு கொஞ்சம் கோபக்காரி. கைப்பிடியைப் பாதி திருப்பு, கதவை உள்பக்கமா இழு, கீழ் மூலையில ஒரு உதை. திறந்திடுவா." நானும் ஏழு வருஷம் உதைத்தேன். எனக்குப் பின்னால் வந்தவனிடம் அதையே சிரித்துக்கொண்டு சொன்னேன். புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

எழுந்தேன். கண் தெரியவில்லை. இருக்கை முதுகுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே போனேன். எத்தனையாவது இருக்கைக்கு அப்புறம் கதவு என்று என் கைக்குத் தெரியும். அங்கே ஆறு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளாதீங்க! எல்லாரும் பின்னால போங்க!"

"அங்கிள், மூச்சு முட்டுது அங்கிள்" என்று அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்தாள். இவர்களை உள்ளே வைத்துப் பூட்டியவன் நான்தான். வேறு யாரும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம், புயலுக்குள் ஓட்டியபோதுகூட வந்ததில்லை.

"ஜங்கான் தாரிக்!" என்று வெளியே இருந்தவர்களைப் பார்த்து, இழுக்காதே என்று மலாயில் தொண்டை கிழியக் கத்தினேன். இழுப்பது நின்றது. கைப்பிடியைப் பாதி திருப்பினேன். உள்பக்கம் இழுத்தேன். உதைத்தேன். அசையவில்லை. மறுபடி. கட்டைவிரல் நகம் பிய்ந்தது. மூன்றாவது உதையில் திறந்துவிட்டாள்.

புல்லில் விழுந்து எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். என் கழுத்தில் 'இறந்தவர்' இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் பக்கத்தில் குந்தினார். முகம் வெளிறியிருந்தது.

"சார், நடந்ததை எழுதித் தரணும். மழை ஈரத்துல கதவு இறுகிடுச்சுன்னு எழுதிடுங்க சார். பழைய கோளாறுன்னு தெரிஞ்சா இதை வெட்டிப் போடச் சொல்லிடுவாங்க. எங்ககிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

மழை என்று எழுதினால் அவள் இருப்பாள். மாதா மாதம் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு நான் வந்து அந்த இருக்கையில் உட்காரலாம், செத்தவனாகவாவது. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? பேனாவைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தேன். திறந்த கதவிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. தட்டச்சுப் பெண் தண்ணீர் குடிக்க முயன்று, முடியாமல் சட்டையில் கொட்டிக்கொண்டாள்.

எழுதினேன். பின்கதவு. கீழ்த் தாழ்ப்பாள் சிக்குகிறது. உதைத்தால் ஒழிய உள்ளிருந்து திறக்காது. நான் ஓட்டிய காலத்திலிருந்தே இப்படித்தான், தெரிந்தும் நான் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். பழைய பழக்கத்தில் கை, பெயருக்கு முன்னால் கேப்டன் என்று எழுதிவிட்டது. அதை அடித்துத் திருத்தவில்லை.

வீட்டில் என் கால் விரலைப் பார்த்து மனைவி போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. சர்க்கரைக்காரன் கால், ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் விமானத்தை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று பயிற்சியாளரே போன் பண்ணிச் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார்.

அடுத்து நாசி கண்டார் கடைக்குப் போனபோது அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். நான் இருபது காசை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிசைவதை நிறுத்தினார்.

"என் பேரையும் எழுதினியா?"

"இல்லண்ணே. என் பேரு மட்டும்தான்."

சோற்றுக் கையாலேயே அந்தக் காசை என் பக்கம் தள்ளினார். பிறகு, என்னிடம் சண்டைக்கு வருகிறவர் மாதிரி குரலை உயர்த்தினார். "அப்பவே எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும், சொல்லு? அன்னிக்கே கம்பெனிக்காரன் நம்ம ரெண்டு பேரையும் பறக்க விடாம தரையில உட்கார வெச்சிருப்பான் லா!"

"இப்ப எங்கண்ணே உட்கார்ந்திருக்கோம்?" என்றேன்.