நட்சத்திரம் மாறிய அப்டேட்

முதலாளி, அந்த அறிவித்தலில் நீங்கள் எழுதியது பொய். "வாடிக்கையாளர் சிலர் தங்கள் விவரங்களைத் தாங்களே மற்றவர்களுக்கு அனுப்பியதால் வந்த பிரச்சினை" என்று நம் கலியாணப் பொருத்தத் தளத்தின் முகப்பில் போட்டீர்கள். அந்தத் தளத்தின் மென்பொருளை நான்கு வருடம் பார்த்தவன் நான். நடந்ததை எழுதுகிறேன், என் பிழையையும் சேர்த்து.

யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால், நகைக்கடை ஒன்றின் மேல்மாடியில் நம் அலுவலகம். ஆட்கள் சாதகக் குறிப்பைப் பதிவார்கள், மென்பொருள் பொருத்தம் பார்த்துச் சொல்லும். அதில் நாம் எழுதியது கொஞ்சம்தான். மிச்சம் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி இலவசமாக விட்ட லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள். கிரக நிலை கணிக்க ஒன்று, படம் ஏற்ற ஒன்று, இப்படி நிறைய. ஒன்றில் ஓட்டை தெரியவந்தால் எழுதியவர்கள் திருத்திப் புதிய பதிப்பு விடுவார்கள். அதை எடுத்துப் போடுவது என் வேலை.

போன வருடம் எல்லாவற்றையும் ஒரே அடியாகப் புதுப்பித்தேன். எல்லாம் ஓடியது. அடுத்த நாள் காலை தொலைபேசி ஓயவில்லை. கிரக நிலை கணிக்கும் லைப்ரரி, புதிய பதிப்பில் வாக்கிய பஞ்சாங்கத்தை விட்டுத் திருக்கணிதத்துக்கு மாறியிருந்தது. வித்தியாசம் சில நாழிகைதான். ஆனால் சிலருக்கு நட்சத்திரமே மாறிப்போனது. வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு தகப்பன் நேரிலேயே வந்தார். முதல் நாள் எட்டுப் பொருத்தம் காட்டிய சம்பந்தம் இப்போது நாலு காட்டுகிறதாம்.

"தம்பி, என்ரை மோள் இருவத்தாறு வருசமா ரோகிணி. நீர் ஒரு நாளிலை மிருகசீரிடம் ஆக்கிப்போட்டீர்."

அலுவலகமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. பழையதைத் திரும்பப் போட வைத்து, இனி எந்தப் பதிப்பும் மாறக்கூடாது என்றீர்கள். அந்தக் கோபம் நியாயம். நான் ஒவ்வொன்றாகப் போட்டு, தெரிந்த பத்துக் குறிப்பை வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். செய்யாதது என் பிழை.

நாலு மாதம் கழித்து, படம் ஏற்றும் லைப்ரரியில் பெரிய ஓட்டை என்று எச்சரிக்கை வந்தது. வெளியாள் அதன் வழியாக வந்து எல்லாக் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போகலாம். திருத்திய பதிப்பும் கூடவே வந்தது. அதற்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மூன்று முறை சொன்னேன், எழுதியும் தந்தேன்.

"உவர் திரும்பவும் சாதகத்தை மாத்தப் போறார்," என்று மற்றவர்களிடம் என்னைக் காட்டினீர்கள். பிறகு என்னிடம், "ஓடுறதிலை கை வைக்காதையும்."

ஒரு மணித்தியால வேலை. உங்களைக் கேட்காமல் செய்திருக்கலாம். செய்யவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆறு கிழமையில் அந்த ஓட்டை வழியாகவே எல்லாக் கோப்புகளும் களவு போயின. அவற்றில் புத்தூர் ஆசிரியை ஒருவருடையதும் இருந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளையோடு பதிவாளர் முன் கலியாண எழுத்து முடிந்து, அவன் கைவிட்டு, விவாகரத்தானதை, 'வெளியே காட்ட வேண்டாம்' என்ற கட்டத்தில் நம்மை நம்பி எழுதியிருந்தார். அந்தப் பக்கம் ஊரெல்லாம் போனில் சுற்றியது. அவர் அலுவலகம் வந்தபோது நீங்கள் இல்லை. அவர் அழவில்லை. உங்கள் அறிவித்தலைப் போனில் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுத்துக் கதை வெளியிலை வந்தது போகட்டும். நானே ஆருக்கோ அனுப்பினனான் எண்டு அம்மா இப்ப என்னோடை கதைக்கிறேல்லை. உந்த அறிவித்தலை ஆர் மாத்துறது?"

அவர் போனபின் அந்த ஒரு லைப்ரரியை மட்டும் மாற்றினேன். பத்துக் குறிப்பை ஒப்பிட்டேன். ஒரு நட்சத்திரமும் அசையவில்லை. பிறகு வேலையை விட்டேன்.

மென்பொருளை என்னால் திருத்த முடிந்தது. அறிவித்தலைத் திருத்த வேண்டியவர் நீங்கள். எச்சரிக்கை எப்போது வந்தது? புதுப்பிக்க வேண்டாம் என்றது யார்? அந்த ஆசிரியை யாருக்காவது எதையாவது அனுப்பினாரா? எனக்குத் தனியாகப் போன் எடுக்க வேண்டாம். அதே முகப்பில், அதே பெரிய எழுத்தில், அவருடைய அம்மாவும் வாசிக்கிற மாதிரிப் பதில் எழுதுங்கள்.