பினாங்கிலிருந்து திரும்பி வந்த அப்பளம்

போன வாரம் பாலக்கரையில் ஒரு நண்பரைப் பார்த்தேன். இரும்பு அடுப்பு செய்து கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்.

“கொழும்பு பிசினஸ் எப்படிப் போகுது?” என்றேன்.

அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “நிறுத்திட்டேன் சார்... வெளியில சொல்லிடாதீங்க.”

ஏன் சொல்லக்கூடாது? வெளிநாட்டுக்குச் சரக்கு போனால் மாலை போடுகிறோம். ‘போதும்’ என்று திரும்பினால் மட்டும் ஏதோ துக்க வீடு மாதிரி பேசுகிறோமே!

எனக்கும் அந்த வெட்கம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தவர் காதர் பாய்.

ஸ்ரீரங்கத்தில் என் அக்கா ரங்கநாயகி அப்பளம் போட்டு விற்று வந்தாள். தெருப் பெண்கள் சிலர் கூட இருந்து இடுவார்கள். விற்பது என் வேலை. தென்னூர்க்காரரான பாய் பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் கேட்டார், அனுப்பினோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறியது எங்கள் அப்பளம்! ‘பினாங்கு புகழ்’ என்று வாசலில் போர்டே மாட்டினேன்.

ஒரு தடவை பாய் ஊருக்கு வந்தபோது நேரே வீட்டுக்கு வந்தார். கையில் நாங்கள் அனுப்பிய டின்.

“எண்ணெய் காய வைங்கம்மா” என்றார்.

அக்கா பொரித்தாள். அப்பளம் உப்பவில்லை. சிவந்து சுருண்டது. கூடம் முழுக்கச் சிக்கு வாடை.

“கடல் காத்து, அங்க எப்பவும் மழை... கடைக்கு வந்து சேரும்போதே இப்படித்தாம்மா இருக்கு. வாங்கினவங்க உங்க பேரைச் சொல்லித் திட்டுறாங்க. இனிமே அனுப்பாதீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. “வேற ஆளைப் பிடிச்சிட்டீங்களா பாய்?”

“பிடிச்சிருந்தா பேசாம உங்களை விட்டிருப்பேன் தம்பி. டின்னைத் தூக்கிட்டு வந்து நிப்பேனா?”

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டாள். முகம் மாறியது. “நிறுத்திடலாம்டா” என்றாள்.

“ஊர் என்னக்கா சொல்லும்?”

“ஊரா இதைத் திங்கறது?”

அப்பளம் இட்டுக்கொண்டிருந்த குஞ்சம்மாள் குழவியைக் கீழே வைத்துவிட்டாள். “அப்போ எங்களுக்கு வேலை?”

அக்கா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த கப்பலுக்குக் கட்டிய பெட்டிகள் கூடத்தில் அடுக்கியிருந்தன.

பாய்தான் கேட்டார்: “திருவெறும்பூர்ப் பக்கம் ஃபாக்டரி வந்ததிலேர்ந்து புதுசு புதுசா மெஸ் திறக்குறாங்களே... போய்ப் பார்த்தீங்களா?”

போகவில்லை! பினாங்குக் கப்பல் என்றைக்குப் புறப்படும் என்று தெரிந்த எனக்கு, திருவெறும்பூர் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாது.

மறுநாள் பாயே என்னோடு பஸ் ஏறினார். அவருக்கு இதில் காலணா லாபம் கிடையாது. மெஸ் மெஸ்ஸாக ஏறி இறங்கி, “நம்ம பிள்ளைங்க சரக்கு, நம்பி வாங்குங்க” என்று அவரே பேசினார். ஒரு மெஸ்காரர் சாம்பிள் வாங்கினார். மறுநாளே, “உப்பு தூக்கல்ங்க” என்றார். அக்கா அன்றைக்கே மாவில் உப்பைக் குறைத்தாள். அதற்கடுத்த நாள் அவர் பெட்டியாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பினாங்கில் ஒருவர் முகம் சுளித்தால் அது ஸ்ரீரங்கம் வந்துசேர மாதக் கணக்காகும். அதற்குள் இன்னும் பல பெட்டிகள் கப்பலேறியிருக்கும். பெரிய கம்பெனி என்றால் அங்கேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும். எங்களைப் போன்றவர்களுக்கு, குறை எவ்வளவு தூரத்திலிருந்து மறுநாளே காதுக்கு வருமோ, அவ்வளவு தூரம்தான் கடை.

சின்ன வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து திரும்புவதற்குத் தோல்விதான் காரணம் என்று யார் சொன்னது? பல சமயம் அது சரக்கின் மேல் உள்ள மரியாதை.

குஞ்சம்மாளுக்கு வேலை போகவில்லை. இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்தோம். பாய் பினாங்கு திரும்பியபோது ஜங்ஷனில் வழியனுப்பினோம். நன்றி சொல்ல வாயெடுத்த அக்காவுக்கு அழுகைதான் வந்தது. “போயிட்டு வரேம்மா... துவா செய்யுங்க” என்று சிரித்தபடி ரயிலேறினார்.

அரங்கனிடம் இப்போது நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான் — நாலு வாடிக்கைக்காரர்கள் வந்தால், ஒருவராவது முகத்துக்கு நேரே திட்டுகிறவராக இருக்கட்டும்!