முதுகுப் பிடி

எல்லையில் சண்டை ஓய்ந்த அடுத்த வருஷம் விழுப்புரத்தில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு தொடங்கினார்கள். சனிக்கிழமை மதியம், ஒரு பெண்கள் பள்ளியின் பின்புறக் கொட்டகையில். பதினோரு பேர் சேர்ந்தோம்: ஆசிரியைகள் ஐந்து பேர், டெலிபோன் ஆபரேட்டர்கள் மூன்று பேர், நர்ஸ்கள் இரண்டு பேர், அரசாங்க ஆபீஸில் மதகுக்கும் வாய்க்காலுக்கும் படம் வரைகிற நான். மற்றவர்கள் நாட்டுக்காகச் சேர்ந்தார்கள். நான் என் அண்ணனைப் பிடிப்பதற்காகச் சேர்ந்தேன்.

படம் வரையும் படிப்பை நான் படித்தது சென்னையில். இரண்டு வருஷம் விடுதியில் இருந்து, பஸ்ஸில் தனியாகப் போய் வந்தேன். வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதால் யாருக்கும் கவலை இல்லை. வேலை கிடைத்தது விழுப்புரத்தில், வீடு திண்டிவனத்தில். நடுவில் ஒரு மணி நேர ரயில். சென்னையை அப்பா பார்த்ததில்லை, ஆனால் இந்த ரயிலைத் தினமும் பார்க்கிறார். ஆகவே இது ஆபத்தானது.

காலையில் பெண்கள் பெட்டி நிறைய ஆசிரியைகள் இருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குத்தான் துணை. அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பள்ளி இறுதி முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தான். தினமும் மதிய வண்டியில் விழுப்புரம் வந்து, ஆபீஸ் வாசலில் நின்று, ஆறு மணி வண்டியில் என்னை அழைத்துப் போவான். நான் ஏறுவது பெண்கள் பெட்டி, அவன் அடுத்த பெட்டி. வழியில் எனக்கு என்ன நடந்தாலும் திண்டிவனத்தில் இறங்கிய பிறகு அவனுக்குத் தெரியவரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. பெருமுக்கல் பக்கம் எங்களுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொல்லை நிலம் உண்டு. அங்கே வேலை வந்துவிட்டால் அண்ணன் போய்விடுவான். அவன் இல்லையென்றால் நான் ஆபீஸுக்குப் போக முடியாது. விதைக்கும்போது லீவு, களை எடுக்கும்போது லீவு, பிடுங்கும்போது லீவு. ஒரு நாள் ஆபீஸில் எங்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ வேலை பாக்கறது கவர்மெண்டுகிட்டயா, மல்லாட்டைகிட்டயா? அடுத்த தடவ பிடுங்கறப்பவும் லீவு கேட்டீன்னா, வேற ஆளைப் போடச் சொல்லி எழுதிடுவேன். அப்பறம் வந்து அழாத."

பிடுங்குவதற்கு மூன்று மாதம் இருந்தது.

அன்றைக்கே வீட்டில் சொன்னேன், இனிமேல் தனியாக வருகிறேன் என்று. அப்பா, "உங்க அண்ணன் சரின்னா சரி" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அண்ணன் நீதிபதி மாதிரி கால்மேல் கால் போட்டான்.

"எவனாவது பின்னாலயே வந்தா இன்னா பண்ணுவ?"

"திரும்பிப் பாப்பேன்."

"பாத்துட்டு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

"சரி, ஒண்ணு பண்ணு. என்னை ஒரு தபா பிடிச்சிக் காட்டு. அம்மா இருபது எண்றதுக்குள்ள நான் உதறலைன்னா, நீ தனியாப் போ, தனியா வா. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"நெசமா?"

"அம்மா மேல சத்தியம்."

"ஏண்டா, சத்தியத்துக்கு வேற ஆளு கெடைக்கலியா?" என்றாள் அம்மா.

வகுப்பு நடத்தியவர் அந்தப் பள்ளியின் டிரில் டீச்சர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சென்னையில் இரண்டு வார முகாமுக்குப் போய்வந்திருந்தார். அதில் கடைசி இரண்டு நாள் ஜப்பான்காரர்களின் ஜூஜுட்சு மல்யுத்தம். முதல் நாள், எதிரே வருகிறவனை என்ன செய்வது என்ற பாடம். அன்றைக்கு டீச்சருக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் ஆளின் முதுகைப் பிடிக்கும் பாடம். ஆகவே விழுப்புரத்துக்கு வந்து சேர்ந்தது அந்த முதுகுப் பிடி ஒன்றுதான். பின்னாலிருந்து யாராவது பிடித்தால் என்ன செய்வது என்பதுதான் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இருந்த பயம். நாங்கள் கற்றதோ, பின்னாலிருந்து மற்றவர்களைப் பிடிப்பது எப்படி என்பது.

எனக்கு எதையும் வரிசையாக எழுதி வைத்தால்தான் நிற்கும். டீச்சர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். ஒன்று, அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து இழு. இரண்டு, இழுத்த பக்கமாகவே சுற்றி முதுகுக்குப் போ. மூன்று, உன் நெஞ்சுக்கும் அவன் முதுகுக்கும் நடுவில் காற்று நுழையக் கூடாது. நான்கு, வலது கை அவன் வலது தோளுக்கு மேலே, இடது கை அவன் இடது அக்குளுக்குக் கீழே, இரண்டையும் அவன் நெஞ்சில் கோத்துக்கொள். ஐந்து, உன் பாரத்தைத் தொங்கவிட்டு அவனை உட்காரவை. ஆறு, உன் பாதங்கள் அவன் தொடைகளின் உட்புறம் கொக்கி மாதிரி நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று போடாதே. ஏழு, பேசாதே. கழுத்தை இறுக்குவதும் பாடத்தில் உண்டாம். அதை டீச்சர் சொல்லித்தரவில்லை. "பிடிச்சா போதும். நெரிச்சா எனக்கு வேலை போயிடும்" என்றார்.

நாற்று நடுகிறவர்கள் மாதிரி புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மல்லாட்டைத் தோல் அடைத்த சாக்குகளின் மேல் உருண்டோம். உருளும்போதெல்லாம் யாரோ அப்பளம் நொறுக்குகிற சத்தம் கேட்கும். எனக்கு ஜோடி ஒரு டெலிபோன் ஆபரேட்டர் அக்கா. நல்ல பருமன். அவர் முதுகில் நான் தொங்கினால் சுவரில் மாட்டிய காலண்டர்தான்.

"ஏம்மா, பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிக்கினுதானே இருக்கேன், அக்கா."

"அப்படியா! சொன்னாத்தானே தெரியும்."

நான்காவது வாரம் டீச்சர் என்னிடம், "நீதான் படம் போடறவளாச்சே, இதைப் போட்டுக் குடேன். ஆளுக்கு ஒண்ணு இருந்தா நல்லது" என்றார். ஆபீஸில் கிழிந்த டிரேசிங் துணி கொஞ்சம் இருந்தது. தலைவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "போட்டுக்கோ. ஆனா அதுல ஒரு எழுத்துக்கூட இருக்கக் கூடாது. யாராவது கேட்டா, ஏதோ மதகோட உள்பக்கம்னு சொல்லிக்கறேன்" என்றார். ஒருவர் முதுகில் ஒருவர் தொங்கும் ஆறு உருவங்கள் எந்த மதகின் உள்பக்கத்தில் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

மசியில் வரைந்தேன். ஆபீஸ் மொட்டை மாடியில், கண்ணாடிச் சட்டத்தில் துணியை வைத்து, அதன் பின்னால் மருந்து தடவிய தாளை வைத்து, வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளைக் கோடாக நகல் வரும். பன்னிரண்டு நகல் எடுத்தேன். ஒவ்வொன்றையும் துணி மாதிரி கொடியில் காயப்போட்டேன். அருமையாக வந்திருந்தது. படிகளின் எண்களை மட்டும் பிறகு கையால் போட்டேன். அன்று முதல் என் தாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உட்பட. படத்தைப் பார்த்தே எல்லோரும் உருண்டோம். டீச்சரும் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா, இப்படித்தான்" என்றார். முகாமில் அவர் எதிரே நின்று பார்த்துக் கற்றவர். அதனால் அவருக்கு வலது இடது எப்போதுமே கொஞ்சம் தகராறு.

இதெல்லாம் நடக்கும்போது அண்ணன் பள்ளி வாசலில் உட்கார்ந்திருப்பான். சனிக்கிழமையும் துணை துணைதானே. என் பையை அவன் மடியில் வைத்துவிட்டு நான் உள்ளே போவேன்.

மல்லாட்டை பிடுங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுப் பின்பக்கம் வைக்கோலைப் பரப்பி அண்ணனைக் கூப்பிட்டேன். அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். எண்ணுவது அவள் பொறுப்பு. அம்மா எண்ணும் வேகம், யார் ஜெயிக்க வேண்டும் என்று அவள் நினைப்பதைப் பொறுத்தது என்பதை நான் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

அண்ணன் வந்து நின்ற விதம் விசித்திரமாக இருந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தான். மோவாயை வலது தோளில் புதைத்திருந்தான். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது.

"இன்னா, கழுத்து சுளுக்கா?"

"உனக்கு இன்னாத்துக்கு? வா."

நான் அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவன் முகத்தில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. அதை நின்று ரசிக்க நேரமில்லை. இடது பக்கமாகச் சுற்றினேன், இடது கையை அவன் இடது தோளுக்கு மேல் போட்டேன், வலது கையை அக்குளுக்குக் கீழே கொடுத்துக் கோத்துக்கொண்டு தொங்கினேன். இரண்டு பேரும் வைக்கோலில் உட்கார்ந்தோம். கால்கள் தாமாகக் கொக்கி போட்டன.

"ஒண்ணு," என்றாள் அம்மா. ஒரு மல்லாட்டையை உடைத்தாள். பருப்பை ஊதினாள். "ரெண்டு."

அண்ணன் உருண்டான். நானும் உருண்டேன். என்னைச் சுமந்துகொண்டே எழுந்து வைக்கோல் போரில் போய் முதுகை மோதினான். மெத்தென்றுதான் இருந்தது. அம்மா ஆறில் ஒரு சொத்தையைப் பொறுக்கிப் போட்டாள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் காக்காயை விரட்டினாள். கோத்த விரல்கள் வியர்வையில் நழுவப் பார்த்தன. அந்த வேகத்தில் இருபது வருவதற்குள் மல்லாட்டையே பிடுங்கி முடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அண்ணனின் முகம் சிவந்தது. அது கோபம். கழுத்தில் என் கை படவே இல்லை. ஆனால் தங்கையிடம் 'விடு' என்று கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவன் வாயைத் திறக்கவில்லை. அம்மா அதைப் பார்த்தாள். முறம் கீழே விழுந்தது.

"ஐயோ, புள்ள மூச்சு உடலியே! பத்து பதினொண்ணு பன்னெண்டு பதினஞ்சு பதினெட்டு இருபது! விடுடீ அவனை!"

விட்டேன். அண்ணன் எழுந்து வைக்கோலைத் தட்டினான்.

"இது செல்லாது. நீ இடது கைல புடிச்ச. தாள்ல வலது கைன்னுதானே எழுதியிருந்திச்சி!"

"எந்தத் தாள்ல?"

அவன் மறுபடியும் வைக்கோலைத் தட்டினான். 'மடியில் வைத்திருந்த உன் பையிலிருந்து எடுத்துப் படித்த தாளில்' என்று அவன் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சனிக்கிழமைதோறும் பள்ளி வாசலில் உட்கார்ந்து என் தாளை மனப்பாடம் செய்து, பள்ளிக்கூடத்துக் கம்பத்தோடு ஒத்திகையும் பார்த்திருந்தான் என்பது பிறகு அங்கே இருந்த வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது.

உள்ளே போய்த் தாளையும் நீல நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாளில் வலது, படத்தில் இடது. டிரேசிங் துணியைச் சட்டத்தில் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஆபீஸ் படமென்றால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரியும், உடனே புரிந்துவிடும். இதில் எழுத்தே கூடாது என்றாரே தலைவர். முதல் வருஷ மாணவிகூடச் செய்யாத பிழை. அன்றைக்கு அதைப்பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மற்ற பத்துப் பேரும் இன்றைக்கு வரை இடது கையால்தான் பிடிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் வழக்குப் போனது. "இருபது எண்ணியாச்சா?" என்று கேட்டார். நடுவில் சில எண்கள் விட்டுப்போனதை அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "அப்ப போவட்டும்."

அடுத்த வாரம் அண்ணன் கொல்லைக்குப் போனான். நான் ஆபீஸுக்குப் போனேன். முதல் நாள் தனியாகத் திரும்பிய ரயிலில் நடந்தவை: முண்டியம்பாக்கத்தில் ஓர் அம்மாள் தன் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பேரணியில் வண்டி காரணமில்லாமல் நின்றது. மயிலத்தில் அந்த அம்மாள் இறங்கி, கூடையை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள். அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் இறங்கினால் பிளாட்பாரத்தில் அண்ணன் நிற்கிறான். காலில் கொல்லை மண் காயவில்லை.

"நான் ஒண்ணும் உனக்காக வரல. கூட்ஸ் வண்டி பாக்க வந்தேன்."

மூன்று வருஷமாக அவனுக்கு இருந்த ஒரே உத்தியோகத்தை நான் பறித்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொய்யாவில் பாதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

"எவனாவது பின்னால வந்தானா?"

"இல்ல."

வீட்டுக்கு நடந்தோம். எப்போதும் அவன் முன்னால் நடப்பான், நான் நாலடி பின்னால் போவேன். அன்றைக்கு ஸ்டேஷன் படியிலேயே நின்றுவிட்டான்.

"நீ முன்னால நட," என்றான்.