நாலு நொடி மரியாதை

என் தங்கைக்கு யாரையும் ஒருமையில் பேச வராது. வீட்டு நாயைக்கூட, "கொஞ்சம் நகருங்க" என்பாள். "உன் மரியாதையே ஒருநாள் உன்னக் கவுத்துடும் பாரு" என்று கிண்டல் செய்வேன். விமானத்தில் துணை விமானியாக இருப்பவளிடம் அப்படிச் சொன்ன என் வாயை என்ன செய்வது!

போன செவ்வாய் மத்தியானம் சீருடையோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

காலையில் விமானத்தை ஓட்டியவர் கேப்டன். இருபத்தெட்டு வருட அனுபவம். பக்கத்தில் இவள். பின்னால் நூற்று அறுபத்திரண்டு பயணிகள். மேகத்துக்குள் போகும்போது, மோதலை எச்சரிக்கும் கருவி கத்தியிருக்கிறது. எதிரே இன்னொரு விமானம், அதே உயரத்தில். "இறங்கு, இறங்கு" என்றது கருவி. அதற்கு மரியாதை தெரியாது. அதே நேரம் தரையிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்காரர், "மேல ஏறுங்க" என்றார். இப்படி முரண்பட்டால் கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் எதிரே வருபவரை அவருடைய கருவி ஏறச் சொல்லியிருக்கும். கேப்டனுக்குத் தெரியாததா? ஆனாலும் அவர் கை மனிதக் குரலுக்குக் கட்டுப்பட்டு விமானத்தை மேலே தூக்கியது.

"சார், கருவி இறங்கச் சொல்லுதுங்க சார்" என்றாள். அவர் காதில் ஏறவில்லை. திரையில் எதிர் விமானத்தைக் காட்டும் சிவப்புச் சதுரம் நெருங்கிக்கொண்டே வந்தது.

"மறுபடி 'சார்'னு ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள செத்துடுவோம்னு தெரிஞ்சுபோச்சுக்கா."

"என்னடி பண்ணின?"

"'இறக்குடா!'ன்னு கத்திட்டேன்."

கேப்டனின் கை சட்டென்று விமானத்தின் பிடியை முன்னால் தள்ளியது. இருக்கையிலிருந்து உடம்பு எழும்பியது. மேகம் விலகிய இடைவெளியில் அந்த விமானத்தின் அடிவயிறு தலைக்கு மேல் கடந்து போயிற்று. மடிந்த சக்கரங்களின் கதவுக் கோடுகூடத் தெரிந்ததாம்.

தரையிறங்கிப் பயணிகள் போன பிறகும் இருவரும் விமானி அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், மன்னிச்சிடுங்க. அந்த வார்த்தைய..." என்று இவள் இழுத்திருக்கிறாள்.

அவர் வெளிறிய முகத்தோடு கேட்டாராம்: "மொத தடவையே ஏம்மா அப்படிச் சொல்லல?"

"நாலு நொடிக்கா" என்றாள் தங்கை. "மரியாதைக்காக நாலு நொடிய விட்டிருக்கேன்."

நாய் வந்து அவள் காலில் படுத்தது. "நகரு..." என்று ஆரம்பித்தவள், 'ங்க' வருவதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.