ஒருவருக்குக் கட்டித் தராத கடை: மாரிகுப்பத்தில் ஓர் எத்தியோப்பியப் பார்சல்

இந்த வலைப்பதிவில் நான் எழுதும் பயணங்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பிறகு போனவை. இது மட்டும் 1960களின் கடைசியில், ஒரு சனிக்கிழமை போய்வந்தது. ஆம்பூரிலிருந்து மாரிகுப்பம் போய் ஒரு சாப்பாட்டுப் பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். போக மட்டும் சுமார் நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர். பார்சல் வாங்க இத்தனை தூரமா என்று அன்றைக்கு என் அம்மாவும் கேட்டார்.

காரணம் இதுதான். நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எத்தியோப்பியாவில் பள்ளி வேலைக்கு மனுப் போட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. மூன்று வருடம், சம்பளம் நாலு மடங்கு, மனைவியையும் அழைத்துப் போகலாம். புதன்கிழமைக்குள் பதில் தபாலில் சேர்த்தாக வேண்டும். என் மனைவி மரகதமோ, "எனக்கு அந்த ஊரு வேணாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் அடுப்பைப் பார்ப்பாள். "அங்க இன்னாத்த தின்றாங்களோன்னு பயம்டா அவளுக்கு" என்றார் அம்மா. அண்ணியும் அதையே சொன்னார். நானும் நம்பினேன். அவளை விட்டுவிட்டு மூன்று வருடம் தனியாக இருக்க எனக்குத் தெம்பு கிடையாது. அவள் வராவிட்டால் வேலை போனது போனதுதான்.

எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர்தான் வழி சொன்னார். மாரிகுப்பத்தில் தனராஜ் என்று ஒருவர். அங்கேயுள்ள தங்கச் சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர், எத்தியோப்பியாவில் இருக்கும் ஒரு தங்கச் சுரங்கத்துக்குப் போய், அந்த நாட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். இருவரும் சேர்ந்து மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள், அந்த ஊர்ச் சாப்பாடும் கட்டித் தருகிறார்கள். வாங்கிவந்து மரகதத்துக்குக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

காலை 5.40க்கு ஆம்பூரில் ரயில். ஜோலார்பேட்டையில் மாறி, ஒன்பது மணிக்குப் பங்காருபேட்டை. அங்கே பதினைந்து காசுக்குக் காபி. 9.30க்கு மாரிகுப்பம் வண்டி. பதினாறு கிலோமீட்டரை முக்கால் மணி நேரம் ஓட்டுவார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் ஏறியதும் தூங்கிவிட்டார்கள். சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் மேடு மேடாக வந்தது. மலை என்று நினைத்தேன். தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்ணாம். அன்றைய குழப்பங்களில் அது முதலாவது.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. 'அல்மாஸ் மளிகை, சாப்பாடு கட்டித் தரப்படும்' என்று தமிழில் பலகை. உள்ளே கேழ்வரகு மூட்டை, மிளகாய் மூட்டை, துவரம்பருப்பு, வறுக்காத காபிக்கொட்டை. எல்லாம் எங்கள் ஊர்க் கடையில் இருப்பதுதான். எத்தியோப்பியா எங்கே என்று தேடினேன். கல்லாவில் வெள்ளைத் துணியைத் தலையைச் சுற்றிப் போட்டு, நெடுநெடுவென்று ஒரு அம்மாள் இருந்தார். எந்தப் பாஷையில் பேசுவது என்று தெரியாமல், ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தை ஆரம்பித்தேன்.

"இன்னா சார் வோணும்? தமிழ்லயே சொல்லுங்க" என்றார்.

டிபன் கேரியரை நீட்டி, ஒருவருக்குச் சாப்பாடு என்றேன்.

"ஒருத்தருக்குக் கட்ட மாட்டேன் சார்."

குறைந்தது இரண்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டுக்குக் காசு தருகிறேன் என்றேன்.

"துட்டு இல்ல சார் விஷயம். யாரு துன்றாங்க?"

என் மனைவி என்றேன்.

"அவங்க மட்டுமா? நீங்க?"

நான் முதலில் சாப்பிட்டுவிடுவேன், அவள் அப்புறம் சாப்பிடுவாள் என்றேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆண்கள் எழுந்த பிறகு மரகதமும் அண்ணியும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அல்மாஸ் அம்மாளுக்கோ நான் சொன்னது புரியவில்லை. கேரியரை என் பக்கமே தள்ளிவிட்டார்.

பின்னால் கேழ்வரகு நிறுத்துக்கொண்டிருந்த தனராஜ்தான் காப்பாற்றினார். "வாத்தியாரே, அவங்க ஊர்ல ஒரே தட்டு. வூடே அதைச் சுத்தி உக்காந்துக்கும். தனியாத் துன்றவனைப் பாத்தா யாரோ செத்துட்டாங்கன்னு நெனப்பாங்க. இங்க ஷிஃப்ட்டுக்குப் போறவங்களும் நாலு பேருக்கு ஒரே கேரியர்தான் வாங்கிக்கினு சுரங்கத்துல எறங்குவாங்க. கீழ லெவல்ல ஒண்ணா உக்காந்து துன்னுவாங்க."

சரி, நானும் அவளோடு சாப்பிடுகிறேன் என்று சொல்லிவைத்தேன். காரியம் ஆகட்டும் என்று சொன்னதுதான்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். பெரிய மண்கல்லில் கேழ்வரகு மாவை வட்டமாக ஊற்றி மூடிவைக்கிறார்கள். மாவு மூன்று நாள் புளித்தது. அவர்கள் ஊரில் வேறு ஒரு சின்னத் தானியமாம், இங்கே கிடைக்காததால் கேழ்வரகு. திருப்பிப் போடுவதில்லை. மேலெல்லாம் கண் கண்ணாக, மெத்தென்று போர்வை மாதிரி வருகிறது. பேர் இஞ்சரா. ஆறவைத்துத்தான் கட்டுகிறார்கள். மேலே ஊற்றுவது வோத் என்ற கோழிக்குழம்பு, முழு முட்டை போட்டது. குழம்பின் நிறத்தைப் பார்த்தே எனக்கு வியர்த்தது.

ருசி பார்க்கக் கையை நீட்டினேன். அல்மாஸ் அம்மாள் அதைக் கவனிக்காமல் இஞ்சராவைக் கிழித்து, குழம்பைச் சுற்றி உருட்டி, நேராக என் வாய்க்குக் கொண்டுவந்தார். அடுத்தவர் மனைவி, பட்டப்பகல், கடைவாசலில் இரண்டு பேர் வேறு நிற்கிறார்கள். நான் தனராஜைப் பார்த்தேன்.

"தொறங்க வாத்தியாரே. நீட்டின கையை வேணான்னா அவங்க ஊர்ல கோச்சுக்குவாங்க."

திறந்தேன். உருண்டை பெரியது, காதுவரை காரம். ஆனால் நன்றாக இருந்தது. "பொண்டாட்டிக்கு மொத வாய் நீங்கதான் வெக்கணும்" என்று அல்மாஸ் அம்மாள் கேரியரை மூடினார். இருவருக்கு ஒன்றேமுக்கால் ரூபாய்.

ஒரு மணி வண்டியில் ஏறினேன். பங்காருபேட்டை தாண்டியதும் எதிரே இருந்த ஒருவர் மூக்கைச் சுளித்தார். "இன்னா சார் அது, கெட்டுப்போச்சா?" திறந்து மோந்தேன். ஒரே புளித்த வாசனை. கடையிலும் இப்படித்தான் இருந்ததா, இப்போதுதான் கெட்டதா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. "தூக்கிப் போடுங்க சார், உசிரு முக்கியம்" என்றார். சன்னல் வரை கொண்டுபோய்விட்டேன். அப்புறம், கெட்டதோ நல்லதோ, அவள் முடிவு செய்யட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டேன்.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு இன்றும் ரயில் உண்டு, நேரத்தை ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடை இன்று இல்லை. எத்தியோப்பியச் சாப்பாடு எங்கே வாங்கினாலும் புளித்த வாசனை வரும், அது கெட்டுப்போனதல்ல. குழம்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடி இஞ்சரா ஊறிக் குழைந்துவிடும். முக்கியமாக, அந்த அடி இஞ்சராவை இலை என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். நான் போடப் பார்த்தேன்.

ஆறு மணிக்கு வீடு. பெரிய தட்டில் இஞ்சராவை விரித்து, குழம்பை ஊற்றி, மரகதத்தை எதிரே உட்காரச் சொன்னேன். கூடத்தில் அம்மா இருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று சட்டென்று ஒரு வாய் உருட்டி நீட்டினேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மரகதம் முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு என்னை. வாயைத் திறந்தாள். பாதி குழம்பு புடவையில். இருமல், சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"புடிச்சிருக்கா?"

"நல்லாத்தான் கீது. புளிச்ச கேவுரு தோசைதானே?"

அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "சாப்பாட்டுக்கு யாரு பயந்தாங்க? இங்க அக்கா கூடப் பேசிக்கினு சாப்பிடறேன். அங்க நீங்க சாப்ட்டு எழுந்து போயிடுவீங்க. நான் ஒருத்தியா செவுத்தைப் பாத்துக்கினு சாப்பிடணும். மூணு வருசம்."

நாலு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று ஒரு நாள் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அங்கே போனால் இப்படியே ஒரு தட்டில் சாப்பிடலாம் என்றேன்.

"இங்க முடியாதா?" என்றாள்.

ஞாயிறு மதியம் அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அம்மா வாசலுக்குப் போய்விட்டார். அண்ணி சிரித்தார். திங்கள் இரவு அண்ணனும் என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார். அவர் முன்னால் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. அவளைக் கூப்பிடாமலே சாப்பிட்டு எழுந்துவிட்டேன். மரகதம் பரிமாறிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய் இரவு, பதில் தபாலில் சேர ஒரு நாளே பாக்கி, தட்டில் சோறு விழுந்தது. நான் கை வைக்கவில்லை. அண்ணன் சாப்பிட்டு எழுந்து போனார். "சோறு ஆறுதுடா" என்றார் அம்மா. மரகதம் வரட்டும் என்றேன். சமையலறையில் அண்ணியின் குரல் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

மரகதம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள். அம்மா இருப்பதைப் பார்த்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஆறிப்போன சோற்றில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"அங்க போயும் இப்படியே உக்காந்திருப்பீங்களா?"

"இருப்பேன்."

"அப்ப எழுதுங்க" என்றாள்.