காம்பவுண்டுச் சுவரில் இறங்கிய நால்வர்

எங்கள் தெருவில் கொஞ்ச காலம் குடியிருந்த நான்கு சாமிகளையும் படைத்தவன் என் அண்ணன். அவர்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது நான். இதில் பாதியைத்தான் தெருவில் ஒப்புக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

அண்ணன் அப்போது பிளஸ் ஒன். நான் நாலாம் வகுப்பு. தாம்பரத்தின் கிழக்குப் பக்கம், ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழியாகப் போகும் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அண்ணனுக்கு இந்த உலகத்தின் மேல் அவ்வளவாக அக்கறை கிடையாது. தனக்கென்று ஒரு பிரபஞ்சம் வைத்திருந்தான். மத்தியானங்களில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அதை எனக்குச் சொல்வான். நம்முடைய சூரியன் அங்கே ஒரு கடுகு. அந்த வெளியை ஆண்டவர்கள் நான்கு பேர். நட்சத்திரங்களை விதைக்கிறவள் வித்தாயி. அவள் முந்தானையை உதறினால் ஒரு பால்வெளி உதிரும். காலத்தைத் தின்கிறவன் ஊழ்வாயன். அவன் ஏப்பம் விட்டால் அந்தப் பக்கத்துக் கிரகங்களெல்லாம் கிழடு தட்டிவிடும். மூன்று இருட்டுகளுக்கும் காவல்காரன் மூவிருளன். செத்துப்போன சூரியன்களை அடுக்கிச் செய்த கப்பலில் ரோந்து சுற்றுவான். நாலாவதற்குப் பெயர் இல்லை, முகமும் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சச் சுழி. அதைச் சுற்றி எண்ண முடியாத கைகள்.

“அதுக்கு என்ன வேலை?” என்று கேட்டேன்.

“இன்னும் முடிவு பண்ணலை,” என்றான் அண்ணன். பிரபஞ்சத்தில் ஒருவர் வேலையில்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலங்களை மனை போட்டு விற்று, மிச்சத்தில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஊர்க் கோயிலில் முதல் மாலை அவருக்குத்தான். நானும் அண்ணனும் அவரைப் பெரியப்பா என்றும் அவர் மனைவியைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவோம். எல்லாருக்கும் நியாயம் சொல்லும் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் ஊர் அடங்கவில்லை. அது அவருடைய காம்பவுண்டுச் சுவர். மின்சார ரயிலை விட்டு இறங்கி வரும் ஆண்கள் அந்தச் சுவரைப் பார்த்ததும் கொஞ்சம் ஒதுங்காமல் போவதில்லை. வெயில் ஏற ஏற எங்கள் ஜன்னல்களை மூட வேண்டியிருக்கும். ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று பெரிதாக எழுதிவைத்தார். யாரோ கடைசி எழுத்துகளைச் சுரண்டிவிட்டுக் கரியால் ‘கழிக்கவும்’ என்று திருத்தி வைத்தார்கள். அதற்கப்புறம் அனுமதி கிடைத்த உற்சாகத்தில் கூட்டம் அதிகமானது.

சாமி படம் வரைந்துவிடலாம் என்று எல்லாரும் யோசனை சொன்னார்கள். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “குட்ச்சிட்டு வர்றவனுக்குப் புள்ளையாரு தெரியுமா, மாதா தெரியுமா? அவன் பாட்டுக்குப் பூடுவான். பாவம் நம்ம தலையிலதான் வந்து வுடியும்,” என்றார்.

அண்ணன்தான் வழி சொன்னான். யாருக்கும் சொந்தமில்லாத சாமிகளை வரைந்துவிட்டால் யார் என்ன செய்தாலும் யாருக்கும் பாவமில்லை. அதே சமயம், தெரிந்த சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்; தெரியாத சாமி என்ன செய்யுமோ என்று எவனும் பயப்படுவான். பெரியப்பாவுக்கு இந்தக் கணக்குப் பிடித்துப்போனது. கேட்டுக்கு அடித்து மீந்த சில்வர் பெயிண்டும், ஜன்னல் கம்பிக்கு வாங்கிய நீலமும், இன்னும் இரண்டு டப்பாக்களும் கொடுத்தார். அண்ணன் முழுப் பரீட்சை லீவில் நால்வரையும் அண்டத்திலிருந்து சுவரில் இறக்கினான். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். வித்தாயியின் முந்தானையில் உள்ள புள்ளிகளில் பாதி என் கைவண்ணம்.

வரைந்து முடித்த அன்று பெரியப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா தம்பி, முருகர் மாரியும் இல்ல, மாதா மாரியும் இல்ல. யாரு இவங்கல்லாம்?”

அண்ணன் பால்வெளி, ஒளியாண்டு என்று தொடங்கினான். அவன் சொதப்பிவிடுவான் என்று தெரிந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

“கோவக்கார சாமிங்க பெரியப்பா. அசிங்கம் பண்ணா விடவே மாட்டாங்க.”

அது பலித்தது. சாயங்கால ரயிலில் வந்த முதல் ஆள் வழக்கமான இடத்தில் ஒதுங்கி, நிமிர்ந்து பார்த்து, முகமில்லாத அந்தச் சுழியைக் கண்டதும் திடுக்கிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். ஒரு வாரத்தில் சுவர் காய்ந்தது. நாங்கள் ஜன்னல்களைத் திறந்தோம். எதிர் வீட்டில் இருந்த கிறிஸ்தவ டீச்சர்கூட, படத்தின் பக்கம் பார்க்காமல் குடையைச் சாய்த்துக்கொண்டு போனாலும், மூக்கைப் பொத்துவதை விட்டுவிட்டார். போகிற வருகிறவர்கள் விசாரித்தால் பதில் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் கதையில் இல்லாதவற்றையும் சேர்த்துச் சொன்னேன். ஊழ்வாயனுக்குக் காலை நேரம் ஆகாது, மூவிருளனுக்கு எலுமிச்சை பிடிக்கும் என்றெல்லாம் கொஞ்சமும் தயங்காமல் சொல்வேன். பெரியவர்கள் நின்று கேட்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் பெரியம்மா வந்து நின்றார். தெருவில் யாரும் இல்லை. பெரியப்பா சாப்பிட்டுத் தூங்கும் நேரம். முகமில்லாத சாமியையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இது இன்னாம்மா பண்ணும்?” என்று கேட்டார்.

அண்ணன் இன்னும் முடிவு செய்யாத வேலை. நான் அந்தக் கணத்தில் முடிவு செய்தேன்.

“வழி தவறிப்போன நட்சத்திரத்தையெல்லாம் கூப்பிட்டு வரும் பெரியம்மா. அதுக்குத்தான் அத்தனை கை.”

“எவ்ளோ தூரம் போயிருந்தாலுமா?”

“எவ்வளவு தூரம் போனாலும்.”

பெரியம்மா தலையிலிருந்த பூவில் ஒரு கண்ணி கிள்ளிச் சுவரோரம் வைத்தார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதன் பிறகு தினமும்.

பெரியப்பா பெரியம்மாவுக்கு ஒரு மகன் இருந்தது தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நாங்கள் குடிவந்த புதிதில் அந்த அண்ணனைப் பார்த்திருக்கிறேன். பட்டம் செய்து கொடுத்திருக்கிறார். லேத் பட்டறையில் வேலைக்குப் போகிறேன் என்று அவர் சொல்ல, நாலு பேருக்குக் கூலி கொடுத்த குடும்பத்துப் பிள்ளை இன்னொருத்தன்கிட்டே கை கட்டி நிற்பதா என்று பெரியப்பா நடுத்தெருவில் வைத்து அறைந்துவிட்டார். அன்றைக்குப் போனவர் திரும்பவில்லை. இனிமேல் இந்த வீட்டில் அவன் பெயர் காதில் விழக் கூடாது என்று பெரியப்பா சொன்னதாக அம்மா எங்களை எச்சரித்திருந்தாள்.

பெரியம்மா பூ வைப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா விளக்கு வைத்தாள். வீட்டுக்கார அம்மாவே கும்பிடுகிறார் என்றால் சும்மா இருக்குமா? விளக்கைப் பார்த்துக் கற்பூரம் வந்தது, கற்பூரத்தைப் பார்த்துத் தேங்காய் வந்தது. ஊழ்வாயனின் வாயில் யாரோ பொங்கல் ஊட்டியிருந்தார்கள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டே கும்பிட்டார்கள்.

அண்ணன் வெலவெலத்துப் போனான். “அது கதை. நான் விட்ட கதை. போய் எல்லார்கிட்டேயும் சொல்லப் போறேன்,” என்றான்.

“முதல்ல பெரியம்மாகிட்ட சொல்லிட்டு வா,” என்றாள் அம்மா.

நானும் பின்னாலேயே போனேன். பெரியம்மா கண்ணை மூடி நின்றிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அண்ணன் ரொம்ப நேரம் காத்திருந்தான். கண் திறந்தவர் அவனைப் பார்த்து, “நீ கையில தொட்டு வரைஞ்ச புள்ள. நல்லா இருப்பே,” என்று ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார். பிரபஞ்சத்தையே கலைக்கப் போனவன் வாழைப்பழத்தோடு திரும்பி வந்தான். அதை அவன் சாப்பிடவும் இல்லை. நான் சாப்பிட்டேன்.

விவகாரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சாமிகளுக்கு வெயில் படுகிறது, சுவரை ஒட்டி ஒரு கூரை போட்டு உண்டியல் வைக்கலாம் என்று நாலைந்து பேர் கூடிப் பேசினார்கள். பெரியப்பாவுக்கு விளங்கிவிட்டது. ஒரு தடவை சாமி குடியேறிவிட்டால் அந்த இடம் இனி நம்முடையதில்லை என்பது நிலம் வைத்திருக்கிறவருக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கெட் நிறையச் சுண்ணாம்பைக் கரைத்து, வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்துக்கொண்டு தானே வெளியே வந்தார். தெருவே கூடிவிட்டது. அண்ணன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது. வித்தாயியும் ஊழ்வாயனும் அவர் கையால் மறைந்துபோனார்கள். மூவிருளனும் கப்பலோடு மூழ்கினான்.

நாலாவதன் முன்னால் பெரியம்மா வந்து நின்றார். சமையல் கட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார்; கையில் மாவு.

“இத்த வுட்ருங்க.”

“நவுரு.”

“நவுர மாட்டேன்.”

அவர் பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. பெரியப்பாவே கேட்டதில்லை என்பது அவர் நின்ற தோரணையில் தெரிந்தது.

“ஊருல இருக்கற கோயில் பத்தாதா உனக்கு? பசங்க கிறுக்கின பொம்மையக் கும்பிட்டுக்கினு கீறே!”

“எந்தக் கோயிலுக்குப் போவச் சொல்றீங்க?” என்றார் பெரியம்மா. குரல் உயரவில்லை. “எல்லா சாமி முன்னாடியும் மால போட்டுக்கினு நிக்கிறது நீங்க. அர்ச்சனைக்குக் குடுத்தா பேரு, நட்சத்திரம் கேப்பாங்க. நான் எம் புள்ள பேரச் சொன்னா பொழுது சாயறதுக்குள்ள உங்க காதுக்கு வந்துடும். இந்தச் சாமிக்கு உங்களத் தெரியாது. அதான் இதுகிட்ட சொன்னேன்.”

பிறகு திரும்பி நின்று மகனின் பெயரைச் சொன்னார். ஒரு தடவை இல்லை. அத்தனை பேர் நடுவில், சுவரைப் பார்த்து, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார், சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

பெரியப்பா மட்டையைக் கீழே போடவில்லை. அடிக்கவும் இல்லை. சுண்ணாம்பு சொட்டி அவர் கால் விரல்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சுவரில் பெரிய வெள்ளைப் பரப்புக்குப் பக்கத்தில் அந்த ஒரு சாமி மட்டும் தன் கைகளோடு மிஞ்சியிருந்தது.

மறுநாள் காலை பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். எங்கே என்று வீட்டில் சொல்லவில்லையாம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்றிருந்தபோது தெருமுனையில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. முன்னால் அந்த அண்ணன், இளைத்து, மீசை வைத்து, இரண்டு கையையும் வீசிக்கொண்டு. பின்னால் கொஞ்சம் தள்ளிப் பெரியப்பா.

நான் ஒரே ஓட்டமாக ஓடித் தெரு முழுக்கச் சொன்னேன். என் சாமி ஒரே நாளில் கூப்பிட்டு வந்துவிட்டது! அது எப்படி ஒரே நாளில் முடிந்தது என்று நான் யோசிக்கவில்லை. பெரியப்பா யாரிடமும் விசாரிக்காமல், தேடாமல், நேரே அந்தப் பட்டறை வாசலில் போய் நின்றார் என்பதை அம்மா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்கு எல்லாமே தெளிவாக இருந்தது. பெரியம்மா வாசலுக்கு வந்து மகனின் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டு வைக்க உள்ளே போனதுகூட எனக்கு நியாயமாகப் பட்டது. வேண்டுதல் பலித்த பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. காய்கறிப் பையைக்கூடத் தன் கையால் தூக்கிப் பார்க்காத பெரியப்பா, ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும், அத்தனை பேர் பார்க்க, மகனுடைய ரெக்ஸின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வாசலில் மகன் வாங்கக் கை நீட்டியபோதும் கொடுக்கவில்லை. அவர் அதைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் நான் மெதுவாகப் போய் ஜிப்பைத் திறந்து பார்த்தேன். கிரீஸ் கறை படிந்த இரண்டு சட்டை, ஒரு சாப்பாட்டு டப்பா, பாதி தேய்ந்த சோப்பு. இதற்காகவா அவ்வளவு பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.