மாமா நிறுத்திய சத்தம்

கற்பிட்டிப் பக்கத்துக் கடலில் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்கி, கடலட்டை பிடிப்பதுதான் என் வாப்பாவின் தொழிலாக இருந்தது. யுத்தம் முடிந்து கடல் திறந்துவிடப்பட்டதும் எங்கெங்கோ இருந்து படகுகள் வந்து குவிந்தன. கிட்டத்தில் அட்டை அற்றுப்போக, மூழ்குகிறவர்கள் மேலும் மேலும் ஆழத்துக்குப் போனார்கள். ஒருநாள் வாப்பாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காதிலிருந்து கழுத்து வரைக்கும் இரத்தம் காய்ந்து கிடந்தது. உம்மா அதைத் துடைத்துவிட்டு, இனிக் கடலில் இறங்கினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தான் போய்விடுவதாகச் சொன்னார். எங்கே போவார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. உம்மாவின் குடும்பம் யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த குடும்பம். அங்கே விட்டுவந்த வளவில் வீடு எது காடு எது என்று தெரியாமல் கிடந்தது.

வாப்பா கடலுக்குப் போவதை நிறுத்தினார். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி, பின்னால் ஐஸ் போட்டு வைக்கும் ரெஜிபோம் பெட்டியைக் கட்டி, பள்ளிவாசல்துறையில் மீன் எடுத்துப் பாலாவி வரைக்கும் வீடு வீடாக விற்றார். மீன் விற்கிறவர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார்கள். வாப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. வண்டி சந்தி திரும்பும்போதே பெண்கள் சட்டியோடு படலைக்கு வந்துவிடுவார்கள். அப்படி ஒரு சத்தம்.

ஆனால் வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. என்ஜின் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கிறது என்று பயந்தார். வண்டி பழுதாய்ப் போனால் மறுபடி கடல்தான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அடுத்த ஒழுங்கையில் கராஜ் வைத்திருந்தார். வந்தேறிகள் என்ற பெயரோடு ஊருக்குள் வந்த குடும்பத்தில், ஊர்க்காரர்கள் தேடிவந்து பேசும் ஒரே ஆள் அவர்தான். நானும் வாப்பாவோடு போனேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். மாமா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஒன்றையும் தொடாமல் வெகுநேரம் நின்றார். பிறகு நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, கூரான பக்கத்தை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மேலே வைத்தார், பக்கத்தில் வைத்தார், அடியில் வைத்தார். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிறது போலவே இருந்தது.

“ஒரு சத்தம் இல்ல மச்சான், நாலஞ்சு சேந்து கத்துது. ஒவ்வொண்டா நிப்பாட்டுவம்.”

சைலன்சர் என்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசிந்து பட் பட் என்று அடித்தது. அங்கே புது வளையம் வைத்து நட்டுகளை இறுக்கினார். அடுத்த நாள் என்ஜின் ஆறியிருக்கும்போது மேல்மூடியைக் கழற்றி, மெல்லிய தகட்டை உள்ளே விட்டுப் பார்த்து, வால்வை அமுக்கும் டெப்பட்டின் இடைவெளியைச் சரிசெய்தார். டிக் டிக் என்ற சத்தம் போனது. தொய்ந்துபோன டைமிங் செயினை மாற்றியதும் உள்ளே சரசரத்தது போனது. கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஆடுகிற தகடுகளுக்கு நடுவே வைத்து முடுக்கினார். பிறகு ஸ்டார்ட் பண்ணினார். வண்டி ஓடுகிறதா என்று பார்க்க நான் சீட்டில் கை வைக்க வேண்டியிருந்தது. கராஜில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாப்பாவைப் பார்த்தார்.

வாப்பா தலையைச் சரித்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் இருக்கு மச்சான். மெல்லிசா. விசில் மாதிரி.”

மாமா மறுபடி ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. அடுத்த கிழமை வாப்பா திரும்பவும் போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். மாமா ஒயிலை மாற்றினார், சில்லைக் கழற்றி பெயாரிங்கைப் பார்த்தார். வாப்பா என்னைக் கூப்பிட்டு, “மகள், உனக்குக் கேக்குதா?” என்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவர் என்னை நம்பாதவர் போலப் பார்ப்பார்.

அந்த நாட்களில்தான் வீதி வளைவில் ஒரு பஸ் அவரை உரசிக்கொண்டு போனது. வண்டியோடு வீதியோரக் கானுக்குள் விழுந்தார். ஐஸும் சூடை மீனும் சேற்றில் கிடந்தன. பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டேதான் வந்தானாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். வாப்பா முழங்கையில் தோலுரிந்து, சேறு காயாமலே நேராகக் கராஜுக்குப் போனார்.

“உன்ட வேல அரைகுறை. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு வந்ததாலதான் விழுந்தன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

மாமாவின் கையில் யாருடையதோ என்ஜின் மூடி இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

“சத்தம் வண்டிக்குள்ளயா, உங்கட தலைக்குள்ளயா எண்டு முதல்ல பாருங்க மச்சான்.”

கராஜில் யாரோ சிரித்துவிட்டார்கள். வாப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். சாவி சட்டைப் பையில் இருந்தது, என்ஜின் ஆறிக் கிடந்தது. ஆனாலும் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை. உம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தார். அது ஆடை கட்டிப்போனது.

இரண்டு மூன்று நாள் கழித்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாப்பா வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஸ்பானர். மாமா இறுக்கியிருந்த சைலன்சர் நட்டுகளை அவர் இளக்கிக்கொண்டிருந்தார். வைத்த வளையத்தையும் இழுத்தெடுத்து வேலியோரம் எறிந்தார். பிறகு எழும்பி வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். கோழிகள் சிதறி ஓடின. வண்டி வாங்கிய அன்றைவிடப் பெரிய சத்தம். உம்மா குசினியிலிருந்து கையில் அகப்பையோடு ஓடிவந்தார். அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்தோடேதான் அதன் பிறகு அவர் மாமாவின் கராஜைத் தாண்டிப் போனார். தன் வேலையை அழித்துவிட்டு, தன் வாசலால் வேண்டுமென்றே இரைச்சலோடு போகிறார் என்றுதான் மாமா எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? பெருநாளைக்கு மாமா வரவில்லை. மாமி அனுப்பும் வட்டிலப்பமும் வரவில்லை. உம்மா புது உடுப்போடு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதார். நானும் வாப்பாவை வெறுத்தேன். மாமா அவ்வளவு பாடுபட்டுத் திருத்திய வண்டியை வீம்புக்குக் கெடுத்த மனிதர் என்று என் சிநேகிதிகளிடம்கூடச் சொன்னேன்.

நான் பெரியவளாகி, கொழும்பில் ஒரு காது வைத்தியரிடம் வாப்பாவைக் கூட்டிப்போன பிறகுதான் விஷயம் விளங்கியது. ஆழத்தில் கெட்டுப்போன காது. ஒரு பக்கம் முக்கால்வாசி செவிடு, இரண்டுக்குள்ளும் ஓயாத விசில். வெளியே சத்தம் இருந்தால் அது அமுங்கும், அமைதியானால் ஏறும் என்றார் வைத்தியர். வாப்பா புதிதாக ஒன்றைக் கேட்டவர் போலவே இல்லை. மாமா அதற்குள் குடும்பத்தோடு மன்னாருக்குத் திரும்பிப் போய், அங்கேயே மௌத்தாகி அடக்கப்பட்டிருந்தார்.

நட்டுகளை இளக்கிய அன்று முற்றத்தில் நான் பார்த்தது வேறு. அந்தப் பெரிய இரைச்சலுக்கு நடுவே வாப்பா சீட்டில் சாய்ந்துகொண்டு, தோள் தளர்ந்து, கண்ணை மூடி நின்றார். பலநாள் தூங்காத ஒருவருக்குத் தூக்கம் வருகிற முகம். சண்டையில் வென்றுவிட்ட சந்தோசம் என்று நினைத்துக்கொண்டு, நான் இரண்டு காதையும் பொத்தியபடி வீட்டுக்குள் போய்விட்டேன்.